1974 பிக்கப்பில் கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் பொருத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது 1974ஆம் ஆண்டின் செவ்ரோலெட் சி10 பிக்கப். 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 இன்ஜின், நான்கு வேக மேனுவல் கியர், மேலே, காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும், நான்கு வாய் கொண்ட ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். சேக்ரமென்டோ சமவெளியில் ஓட்டும்வரை அந்தக் கார்புரேட்டரிடம் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. கலிஃபோர்னியாவின் 88ஆம் நெடுஞ்சாலையில் கார்சன் கணவாயை நோக்கி ஏறும்போதுதான் தொல்லை தொடங்கும். கணவாயின் உயரம் 8,574 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 23 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுப்பது காற்றோட்டம் உண்டாக்கும் அழுத்தக் குறைவு என்பதால், காற்று மெலிகிற அதே விகிதத்தில் பெட்ரோல் குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறைகிறது. கணக்குப் போட்டால், கணவாயை எட்டும்போது கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறக்குறைய 14 விழுக்காடு கூடிவிடுகிறது. பிளக்குகள் கரி பிடிக்கும், ஐட்லிங் தடுமாறும், சைலன்சரில் பெட்ரோல் நெடி அடிக்கும். பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டை மாற்றிக்கொண்டு ஏறலாம். ஆனால் கீழே இறங்கியதும் மறுபடியும் மாற்ற வேண்டும். அதனால்தான், ஒரு கணினிப் பெட்டி அளந்து சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற முடிவு செய்தேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் இந்த வேலையில் துணிந்து இறங்கினேன். அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் பெற்ற பொருளைத்தான் தேட வேண்டும். கீழே சொல்லப்போகும் முறை அவர்களுக்கு உதவாது.

கலவையைத் தானே கற்றுக்கொள்ளும் தயார்நிலை இன்ஜெக்‌ஷன் தொகுப்புகள் கடையில் கிடைக்கின்றன. ஏன், எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் நான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1987 முதல் 1995 வரை தன் பிக்கப்புகளில் பொருத்திய த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனை, அதாவது டிபிஐயை, பழைய வண்டிக் கிடங்கில் வாங்கினேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மெகாஸ்குவர்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் உருவாக்கிய இந்தப் பெட்டியை உதிரி பாகங்களாக வாங்கி, நாமே சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் 2000ஆம் ஆண்டு வாக்கில் கார்களின் பின்புறம் பெருமையாக ஒட்டியிருந்த எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துகள் பலருக்கு நினைவிருக்கும். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். டிபிஐயில் மொத்தமே இரண்டு. அவையும் கார்புரேட்டர் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டுக்கு மேலிருந்தே பெட்ரோலைத் தூவுகின்றன. சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டை மாற்ற வேண்டியதில்லை, ஓர் அலுமினியத் தகடும் கேஸ்கெட்டும் போதும். எரிபொருள் அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில்தான். பல முனை இன்ஜெக்‌ஷனுக்கு 43 வேண்டியிருக்கும். பகிர்மானம் பல முனை அளவுக்குச் சீராக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது போதும் என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 5.7 லிட்டர் இன்ஜின் எட்டு சிலிண்டரையும் ஒருமுறை முழுமையாக நிரப்பிக்கொண்டால் அதற்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் வேண்டும். தலா மணிக்கு 60 பவுண்டு பெட்ரோலைத் தூவும் இரண்டு இன்ஜெக்டர்கள் அதைக் கொடுக்க ஏறக்குறைய 30 மில்லிவினாடி ஆகும். இன்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போது, எட்டு சிலிண்டரும் ஒருமுறை வேலை செய்து முடிக்கத் தேவைப்படும் இரண்டு சுழற்சிக்குக் கிடைக்கும் நேரமும் அதே 30 மில்லிவினாடிதான். சிலிண்டர்கள் 80 விழுக்காடு மட்டுமே நிரம்புகின்றன என்று வைத்துக்கொண்டாலும், முழு ஆக்சிலரேட்டருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலையும் சேர்த்தால் இன்ஜெக்டர் மூடுவதற்கே நேரம் இராது. ஆகவே ரெகுலேட்டருக்குள் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டு அழுத்தத்தை 12இலிருந்து 18 ஆக்கினேன். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 22 விழுக்காடு கூடுதல் கிடைத்தது.

இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணினியையும் அதில் நிரப்பும் பெட்ரோல் அளவு வரைபடத்தையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உடம்பு நோகும்படி வேலை வைத்தவை பெட்ரோல் குழாயும் எர்த் வயரும்தான். பழைய மெக்கானிக்கல் பம்ப் 5, 6 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் தராது என்பதால் அதைக் கழற்றி, ஓட்டையைத் தகடு போட்டு மூடி, உள்ளே பம்பை இயக்கும் தண்டையும் உருவிவிட வேண்டும். மின்சாரப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் நோஞ்சான். எனவே அதை டாங்கிக்கு அருகில், டாங்கியின் அடிமட்டத்துக்கும் கீழே, வண்டியின் அடிச்சட்டத்தின் உட்புறத்தில் பொருத்தினேன். மிஞ்சும் பெட்ரோல் திரும்பி வர இன்னொரு குழாயும் வேண்டும். ரப்பர் குழாய் விஷயத்தில் சிக்கனம் கூடாது. கார்புரேட்டருக்கான குழாய் வேறு, இன்ஜெக்‌ஷனுக்கான குழாய் வேறு. பின்னதன் மேல் 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பிடிக்கும் கிளிப்பும், பல் பதிந்து ரப்பரைக் கிழிக்காத வழவழப்பான வகையாக இருக்க வேண்டும்.

டாங்கியில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பில் இருக்கும் என்பதால், வளைவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் இன்ஜினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்த இருப்பு கிடையாது. இந்த மாடலின் டாங்கி அடிச்சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் நீளமாகத் தொங்குவது. கால் டாங்கிக்குக் கீழே போனால் மலை வளைவுகளில் இன்ஜின் இருமும். ஒரு சிறிய இடைத்தொட்டி வைத்தால் தீரும். நான் இப்போதைக்குக் கால் டாங்கிக்குக் கீழே விடுவதில்லை என்ற பழக்கத்தோடு சமாளிக்கிறேன்.

மெகாஸ்குவர்ட் பலகையைச் சேர்ப்பது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. முதலில் மின்வழங்கல் பகுதியை மட்டும் சால்டர் செய்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்துக் கணினியோடு பேசும் பகுதி, அதற்குப் பிறகு உள்ளீடுகள், கடைசியாக இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனால், பிழை எந்தப் பகுதியில் என்று தேட வேண்டியிராது. டிபிஐ இன்ஜெக்டர்களின் மின்தடை ஒன்றரை ஓம் அளவுதான். திறக்கும்போது முழு மின்னோட்டமும் திறந்தபின் குறைந்த மின்னோட்டமும் தரும்படி மென்பொருளில் அமைக்காவிட்டால் டிரான்சிஸ்டரும் இன்ஜெக்டரும் சேர்ந்தே வெந்துவிடும். குளிர்நீர் வெப்ப உணரியை வண்டியில் மாட்டுவதற்கு முன் அடுப்படியில் கொதிக்கும் நீரில் முனையை முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தேன். 100 டிகிரியில் 177 ஓம் காட்ட வேண்டும். 180ஐ ஒட்டி நின்றது, அது போதும். என் மனைவிக்கு அந்தப் பாத்திரம் மட்டும் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

பிளக்குகளின் தீப்பொறிக்கு, அதைப் பங்கிட்டு அனுப்பும் பழைய பாயின்ட் (தொடுமுனை) வகை டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு எச்இஐ என்ற மின்னணு வகையை ஏற்கெனவே போட்டிருந்தேன். பாயின்ட் காலத்து வண்டியில் காயிலுக்குப் போகும் வயரே ஒரு மின்தடை வயர். எச்இஐக்கு முழு 12 வோல்ட் வேண்டும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் புது வயர் இழுக்க வேண்டும். மெகாஸ்குவர்ட்டுக்கு மின்சாரம் எடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது செத்துப்போகும் இணைப்பிலிருந்து எடுத்தால், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் முழுவதும் பெட்டி தூங்கும். சாவியை விட்ட நொடியில் இன்ஜின் பிடிப்பதுபோலப் போக்குக் காட்டி அடங்கும்.

எர்த் விஷயத்தில் கோவையில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா தொலைபேசியில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்: "எர்த்தைப் பாரு மாப்ள, அப்புறம் மத்ததைப் பாரு." உணரிகளின் எர்த் வயர்கள் அத்தனையும் பெட்டிக்கே திரும்பி வந்து, பெட்டியிலிருந்து இன்ஜின் பிளாக்கின் ஒரே போல்ட்டுக்குப் போக வேண்டும். ஓர் உணரியை மட்டும் அருகிலிருக்கும் தகட்டில் எர்த் செய்தால், ஹெட்லைட் போடும்போதெல்லாம் இன்ஜினின் வெப்பநிலை திரையில் மாறும். அதுபோலவே, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் சுற்று எண்ணிக்கைச் சமிக்ஞை இன்ஜெக்டர் வயர்களோடு ஒரே கட்டில் போனால், 800 என்று நிற்க வேண்டிய எண் திடீரென்று 3,000க்குத் தாவும். பெட்டியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். மென்பொருளில் எதைச் சரிசெய்வதற்கு முன்னும் இந்த எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தேன்.

சைலன்சர் குழாயில், கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று காட்டும் பாஷ் எல்எஸ்யூ 4.9 அகலவரிசை ஆக்சிஜன் உணரிக்கு ஒரு நட்டு பற்றவைத்தேன். நீர்த்துளி தேங்காதபடி அது கிடைமட்டத்துக்குச் சற்று மேல்நோக்கிய கோணத்தில் இருக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்டியையும் கழற்றிவிடுவது அவசியம். இந்த உணரிக்கு மின்சாரம் தராமல் இன்ஜினை ஓட்டினால் கரி படிந்து கெட்டுவிடும்.

முதல் ஸ்டார்ட் எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை எரியவிட்டு, அதன் வெளிச்சத்தை த்ராட்டில் பாடியின் வாய்க்குள் காட்டினால், இன்ஜெக்டர் தூவும் கூம்பு அந்தரத்தில் உறைந்து நிற்பதுபோலத் தெரியும். கூம்பு ஒருபுறம் சரிந்திருந்தாலோ துளியாகச் சொட்டினாலோ இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஓடும்போதான கலவையை டியூனர்ஸ்டுடியோ மென்பொருள் ஆக்சிஜன் உணரியைப் பார்த்தே பெருமளவு சரிசெய்துவிடுகிறது. பின்னிருக்கையே இல்லாத வண்டியில் மடிக்கணினியை யார் மடியில் வைப்பது என்பதுதான் பிரச்சினை.

குளிர்ந்த ஸ்டார்ட் அப்படியல்ல. சுற்றும்போது எவ்வளவு பெட்ரோல், பிடித்தவுடன் சில நொடிகளுக்கு எவ்வளவு கூடுதல், சூடேறும்வரை எவ்வளவு என்று மூன்று தனி அமைப்புகள் இருக்கின்றன, மூன்றுமே வெப்பநிலைக்கு ஏற்ப மாறுபவை. ஒரு காலையில் ஒரே ஒரு முறைதான் முயல முடியும். பிறகு இன்ஜின் சூடாகிவிடும், அன்றைய பாடம் அதோடு முடிந்தது. டிபிஐயில் இது இன்னும் கடினம், ஏனென்றால் தூவிய பெட்ரோலில் ஒரு பகுதி குளிர்ந்த மேனிஃபோல்டின் தரையில் படிந்து சிலிண்டருக்குப் போய்ச்சேர நேரமாகிறது. சைலன்சரின் வெப்பத்தை மேனிஃபோல்டின் அடியில் கொண்டுபோகும் பழைய வழியைச் சிலர் அடைத்துவிடுவார்கள்; டிபிஐ போடுபவர்கள் அதை அடைக்கக் கூடாது. குளிர்காலம் வந்த பின்னர்தான் இந்த அமைப்புகளில் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய கட்டங்களை நிரப்பவே முடிந்தது.

மலையில் பலன் தெளிவாகத் தெரிந்தது. மேனிஃபோல்டில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பெட்டி அழுத்த உணரியால் நேரடியாகவே அளக்கிறது என்பதால், கார்சன் கணவாயிலும் காற்று-பெட்ரோல் கலவை எண் சமவெளியில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரே ஒரு நுணுக்கம். வளிமண்டல அழுத்தத்துக்கான சிறு திருத்தத்தைப் பெட்டி சாவி போடும் நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓடும்போது ஏதோ காரணத்தால் பெட்டி மறுதொடக்கம் ஆனால், மேனிஃபோல்டின் வெற்றிட அழுத்தத்தையே வளிமண்டலம் என்று எண்ணிக்கொள்ளும். அதற்குக் கீழ்வரம்பை 70 கிலோபாஸ்கல் அளவில் அமைத்துவிட்டால் பாதிப்பு கட்டுக்குள் இருக்கும். கணவாயின் உச்சியிலேயே அழுத்தம் 74ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

மைலேஜில் சமவெளியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நன்றாகச் சரிசெய்த குவாட்ராஜெட் அந்த விஷயத்தில் சளைத்ததல்ல. பொறியின் நேரத்தை இன்னும் டிஸ்ட்ரிபியூட்டரின் எடையும் வேக்குவமும்தான் முடிவுசெய்கின்றன. டிபிஐ பிக்கப்புகளில் வந்த எட்டு முனை மாட்யூல் கொண்ட சிறிய டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டால் அதையும் மெகாஸ்குவர்ட்டிடம் ஒப்படைக்கலாம். ஆனால் இப்போது பெட்டி கெட்டால் பெட்ரோல் மட்டுமே நிற்கும். பொறி தனியே வேலை செய்கிறதா என்று சாலையோரத்தில் பார்த்துக் கோளாறைப் பிரித்தறிய முடிகிறது. அந்த வசதியை விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. கையுறைப் பெட்டியில் ஒரு ரிலேயும் ஓர் எச்இஐ மாட்யூலும் உதிரியாக இருக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் ஒரு பம்பும் குழாய்த்துண்டும் கிளிப்புகளும்.