இரண்டு நிரல் கொப்பி: வன்னியிலிருந்து மனநலத் துறைக்கு

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் கிழமையில் என் தொலைபேசி ஓய்வதில்லை. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, மனநல வைத்தியராக வர என்ன படிக்க வேண்டும்?" சென்ற முறை முள்ளியவளைப் பிள்ளையொருத்தி கேட்டபோது, "வைத்தியராகவா, உளவியலாளராகவா, உளவளத்துணையாளராகவா?" என்று திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் பேச்சில்லை. பத்து வருடங்களுக்கு முன் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் வாயடைத்துத்தான் நின்றிருப்பேன். கேட்க ஆளில்லாததால் ஒரு வருடமும் அம்மாவின் ஒரு சோடிக் காப்பும் போயின.

முதலில் வழிகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மனநல வைத்திய நிபுணராக வேண்டுமென்றால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு மருத்துவப் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன் பின் கொழும்பிலுள்ள மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் தேர்வும் நீண்ட பயிற்சியும். மருந்து எழுதுவது இந்த வழியில் வந்தவர்களின் வேலை. மருத்துவ உளவியலாளர் வேறு. உளவியலில் முதற்பட்டம் பெற்று, மருத்துவ உளவியலில் முதுநிலைப் பட்டமும் முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்ய வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுதத்துவமாணி (எம்.பில்.) படிப்பு இருக்கிறது. வைத்தியசாலைப் பயிற்சியும் ஆய்வும் அதில் அடங்கும். உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், மூன்றாவது வழி. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உதவியாளர்களாக இருப்பவர்கள் இப்படி வந்தவர்கள். மனநலத் தாதியர், சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று இன்னும் பலர் இந்தத் துறையில் வேலை செய்கிறார்கள். சமூகப் பணிப் பட்டத்துக்குச் சமூக அபிவிருத்திக்கான தேசிய நிறுவகத்தைப் பாருங்கள். வன்னியில் வீடு வீடாகப் போகக்கூடியவர்கள் இவர்கள்தான் என்பதால், இவர்களை யாரும் இரண்டாம் தரமாக எண்ணக்கூடாது.

நான் 2013 இல் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதினேன். உளவியல் உயர்தரப் பாடம் அல்ல. எனக்கு அதற்கு மிக நெருக்கமாக இருந்தது அளவையியலும் விஞ்ஞான முறையும்தான். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் அம்மாவின் காப்புக் காசில் ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாத உளவளத்துணை டிப்ளோமாவில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் விரிவுரை, கடைசியில் ஒரு பரீட்சை, பிறகு சட்டம் போட்ட சான்றிதழ். அந்த ஆறு மாதத்தில் உண்மையான ஒரு மனிதருடன் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்ததில்லை. நான் பேசியதைக் கேட்டுத் திருத்த ஒருவரும் இருந்ததில்லை.

அந்தச் சான்றிதழோடு தொண்டராகப் போனேன். முதல் வாரமே ஓர் அம்மா வந்தார். 2009 மே மாதத்தில், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் மகனைக் கடைசியாகக் கண்டவர். ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேர்த்து உலை வைப்பதாகச் சொன்னார். துயரத்துக்குப் படிநிலைகள் உண்டு, கடைசிப் படி ஏற்றுக்கொள்ளல் என்று நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதையே சொன்னேன்: "அம்மா, இனி நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்." அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

பேராதனைக்கு அனுமதி கிடைத்தபோது ஊரில் எல்லோரும் என் கெட்டித்தனம் என்றார்கள். அதில் மாவட்ட முறைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய தகுதி, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இதை வாங்க வெட்கப்படாதீர்கள். பதுங்குகுழியில் படித்த பிள்ளைக்கு உரியதுதான் அது. கைநூலைக் கவனமாக வாசித்து விருப்பத் தெரிவை நிரப்புங்கள்.

எங்கள் ஏ9 வீதியின் ஒரு முனை யாழ்ப்பாணம் என்றால் மற்ற முனை கண்டி. வீட்டு வாசலால் போகும் அதே வீதியில் பஸ் ஏறித்தான் பேராதனைக்குப் போனேன். ஆனாலும் முதல் வருடம் நாடு கடந்து வந்தது போலிருந்தது. வாசிக்க வேண்டியவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பதென்றால் முதல் வருடப் பெறுபேற்றில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே அந்த ஒரு வருடத்தை விட்டுவிடக் கூடாது. நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைத் தமிழில் அறைத் தோழிக்குச் சொல்வேன். அவள் சிங்களப் பிள்ளை. என் தமிழும் அவளுடைய சிங்களமும் சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் ஆங்கிலம் வந்தது. புள்ளிவிவரவியலுக்குப் பயப்படாதீர்கள், பழைய வினாத்தாள்களைக் கையால் செய்து பார்த்தால் பிடிபடும்.

தலைப்பில் சொன்ன கொப்பி அங்கேதான் பிறந்தது. இடது நிரலில் பாடநூலின் சொல், வலது நிரலில் எங்கள் சனத்தின் சொல். பதகளிப்பு, மனச்சோர்வு, மீள நினைந்து மருகல் என்று இடதில் மூன்று வரி எழுதினால் வலதில் ஒரே சொல் நிற்கும்: "யோசினை". பயந்து உறைந்துபோன பிள்ளையை "ஏங்கிப் போனான்" என்கிறோம். மனக்கவலையோடு வருகிறவர் மனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நெஞ்செரிவு, தலை விறைப்பு, கால் உளைவு என்றுதான் தொடங்குவார். "வாழ்க்கை வெறுத்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அதைப் பெருமூச்சாக விட்டுவிடக் கூடாது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. இதை எனக்கு ஆசிரியர் சொல்லித் தந்தபோதுதான் நான் எத்தனை பேரிடம் கேட்காமல் விட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இரண்டாம் வருடத்தில் உளக்காயம் பற்றிய விரிவுரை. திரையில் ஒரு முகாமின் படம் வந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த எங்கள் செட்டிக்குளம் முகாம் அல்ல, வேறு ஏதோ நாடு. ஆனால் கூடாரத்தின் நீலம் அதே நீலம். நான் எழுந்து வெளியே போய், மகாவலிப் பக்கமாக எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது. அந்தப் பாடத்தை எடுத்த விரிவுரையாளரிடம் பிறகு போய்ச் சொன்னேன். அவர் என்னை வகுப்பிலிருந்து விலக்கவில்லை. நானே ஓர் உளவளத்துணையாளரிடம் போகும்படி வழி செய்தார். ஒன்பது மாதம் போனேன். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் சொந்த இழப்பிலிருந்துதான் இந்தத் துறைக்கு வருகிறார்கள். வாருங்கள், அது பெரிய பலம். ஆனால் உங்கள் காயத்துக்கு முதலில் ஓர் இடம் தேடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் அழும்போது நீங்கள் அவரைக் கேட்க மாட்டீர்கள், உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் வருடத்தில் போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தெளிவற்ற இழப்பு என்ற கருத்தைப் படித்தேன். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து 1970களில் அவர் இதை உருவாக்கினார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் துயரம் உறைந்து நிற்கும். அதற்கு முடிவு தேடச் சொல்வது குடும்பத்தின் மீது இன்னொரு சுமை. இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகத் தாங்கி வாழப் பழகுவதற்குத் துணை நிற்கலாம். வாசிக்க வாசிக்க அந்த அம்மாவின் உலைதான் கண்ணில் நின்றது. அதே காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு உளக்காயம் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வையும் வாசித்தேன். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எந்த வழியில் போகிறவரும் அதை வாசியுங்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலுக்குப் போனேன். 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அங்கே தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். என்னை அடையாளம் கண்டார். நான் அன்று சொன்னது பிழை என்று சொன்னேன். "அதை விடு பிள்ளை, சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, மகன் எந்தக் கறிக்கு அடம்பிடிப்பான் என்று சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கேட்டேன். என்னிடமிருந்து ஒரு புத்திமதியும் வரவில்லை.

ஆகவே எந்தப் பயிற்சிக்கும் காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் உண்மையான மக்களோடு வேலை செய்ய விடுவீர்கள்? என் வேலையை யார் மேற்பார்வை செய்வார், அவருடைய தகைமை என்ன? இந்தச் சான்றிதழை எந்த அரச பதவி ஏற்கும்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அம்மாவின் காப்பைத் தொடாதீர்கள். மேற்பார்வை என்பது பிழை பிடிப்பதற்கல்ல. அந்த அம்மா எழுந்து போன அன்று மாலை நான் போய்ச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், மறுநாளே நான் அவர் வீட்டுப் படலையில் நின்றிருப்பேன்.

நான் இப்போது உளசமூகப் பணியில் இருந்துகொண்டே முதுநிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஊரில் சிலர் "டொக்டர் பிள்ளை" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன், ஏனெனில் மருந்து வேண்டிய ஒருவர் என்னோடு மட்டும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

முள்ளியவளைப் பிள்ளை உளவியலைத் தேர்ந்திருக்கிறாள். அனுமதி வரும்வரை என்ன செய்வது என்று கேட்டாள். ஒரு கொப்பி வாங்கி நடுவே கோடு போடச் சொன்னேன். நேற்று முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். வலது நிரலில் அவளுடைய அம்மம்மாவின் சொல்: "நெஞ்சுக்குள் அம்மி வைத்த மாதிரி." இடதில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறாள். அதை வெறுமையாக விட்டுவிட்டு, அம்மி எப்போது வந்தது என்று அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.