எந்த பீக்கோட நிறுத்தறது? துடிக்கும் நட்சத்திரம் ஒண்ண அலசின அனுபவம்

லாஜிக் படிச்ச ஆளுக்கு நட்சத்திரத்துல என்ன வேலைன்னு கேக்காதவங்க கம்மி. நான் ஆராய்ச்சி பண்ணது கம்ப்யூட்டபிலிட்டி, அதாவது எந்தக் கணக்க மெஷின் முடிச்சுக் குடுக்கும், எது எத்தன காலம் ஓடவிட்டாலும் முடியாதுங்கற சமாச்சாரம். அங்கேர்ந்து கணித இயற்பியல் பக்கம் நகர்ந்து ஆபரேட்டர், ஐகன்வேல்யூ (ஒரு ஆபரேட்டருக்குன்னே இருக்கற தனி எண்கள்)ன்னு சுத்திட்டு கடைசில துடிக்கும் நட்சத்திரத்துல வந்து விழுந்தேன். வெளிலேர்ந்து பாத்தா மூணுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு தோணும், ஆனா என்னைப் படுத்தி எடுத்த கேள்வி மூணுலயும் ஒண்ணுதான்: தேட வேண்டியதெல்லாம் தேடியாச்சு, இனிமே மிச்சம் ஒண்ணும் இல்லன்னு எத வெச்சு சொல்றது? இந்த மாதிரி வேலைல புதுசா எறங்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், டுடோரியல் மாதிரி வரிசையா இருக்காது.

நான் எடுத்துக்கிட்டது எஸ்எக்ஸ் ஃபீனிசிஸ். 1952ல எக்கன் கண்டுபிடிச்ச நட்சத்திரம், டெல்டா ஸ்க்யூட்டிங்கற வேகமா துடிக்கற நட்சத்திரக் குடும்பத்துலயே உலோகம் (ஹீலியத்த விட கனமான தனிமம் எல்லாமே வானியல்ல உலோகம்தான்) கம்மியா இருக்கற, வீச்சு ஜாஸ்தியா இருக்கற வகைக்கு இது பேர்தான் வெச்சிருக்காங்க. சுமார் 79 நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிச்சம் ஏறி எறங்கும். இதுல ரெண்டு ஆரத் துடிப்பு, அதாவது நட்சத்திரம் மொத்தமா உப்பிச் சுருங்கற துடிப்பு, ஒரே சமயத்துல ஓடுது. ஃபண்டமென்டல்ங்கற அடிப்படைத் துடிப்பு (எஃப்0) ஒரு நாளைக்கு 18.1936 சுற்று, அதுக்கு மேல இருக்கற முதல் ஓவர்டோன் (எஃப்1) 23.3793 சுற்று. இனிமே அதிர்வெண்ண வெறும் சுற்றுன்னு சொன்னா ஒரு நாளைக்கு அத்தன சுற்றுன்னு எடுத்துக்கங்க. ரெண்டும் சேந்து அடிக்கறதால 4.6 மணி நேரத்துக்கு ஒரு தடவ வீச்சு பெருசாகி சின்னதாகும், லைட் கர்வ, அதாவது நேரத்தோட வெளிச்சம் மாறற வரைபடத்த, பாத்தாலே கண்ணுக்குத் தெரியும். விடை ஏற்கனவே தெரிஞ்ச நட்சத்திரத்த எதுக்கு எடுத்தேன்னா, நம்ம கோட் சரியா ஓடுதான்னு தெரியாம புது நட்சத்திரத்துல கைவெச்சா வர்றது நட்சத்திரத்தோட குணமா இல்ல நம்ம கோடோட குணமான்னு சத்தியமா சொல்ல முடியாது.

டேட்டா நாசாவோட டெஸ் விண்கலத்தோடது. 2018 ஏப்ரல்ல ஏவினாங்க, முதல் வருஷமே தெற்கு வானத்த முடிச்சுட்டாங்க. ஒரு செக்டார்னா வானத்தோட ஒரு பட்டைய சுமார் 27 நாள் பாக்கறது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. லைட்கர்வ்ங்கற பைத்தான் பேக்கேஜ் வெச்சு எறக்கறது சுலபம், அந்த சுலபத்துலதான் கொஞ்சம் ஆபத்து இருக்கு. அந்த ஃபைல்ல ரெண்டு விதமான ஃப்ளக்ஸ் (வந்து சேந்த ஒளியோட அளவு) இருக்கும், ஒண்ணு நேரா பிக்ஸல்லேர்ந்து கூட்டினது, இன்னொண்ணு விண்கலத்தோட நடுக்கம் அது இதெல்லாம் கழிச்சுத் திருத்தினது. பொதுவா ரெண்டாவதத்தான் எடுக்கச் சொல்வாங்க. ஆனா திருத்தற ப்ரோக்ராமுக்கு எது கருவியோட ஆட்டம் எது நட்சத்திரத்தோட ஆட்டம்னு எப்பவும் சரியா தெரியாது, அதனால ரெண்டையும் தனித்தனியா அலசி ஒப்பிட்டுப் பாத்துடுங்க. அப்பறம் அவுட்லயர் (மத்ததுலேர்ந்து ரொம்ப விலகி நிக்கற புள்ளி) நீக்கறதுன்னு ஒரு கமாண்ட் இருக்கே, அத யோசிக்காம போட்டா இந்த மாதிரி பெரிய வீச்சு நட்சத்திரத்துல உச்சியச் சீவிடும், சீவின உச்சி பின்னால ஸ்பெக்ட்ரம்ல இல்லாத ஹார்மோனிக்கா (அசல் அதிர்வெண்ணோட முழு எண் மடங்கா) வந்து நிக்கும். நடுவுல பூமிக்கு டேட்டா அனுப்பற நேரத்துல சுமார் ஒரு நாள் இடைவெளி விழும், அது ஒண்ணும் பண்ண முடியாது.

நேரம் ஜூலியன் நாள்ல, அதாவது வானியல்காரங்க மாசம் வருஷம் இல்லாம வரிசையா எண்ணிட்டு வர்ற நாள் கணக்குல, 2457000 கழிச்சு குடுத்திருப்பாங்க. பழைய தரைக் கவனிப்புகளோட சேக்கப் போறீங்கன்னா, ரெண்டு பக்கமும் சூரியக் குடும்பத்தோட பேரிசென்டருக்கு (நிறை மையத்துக்கு) மாத்தின நேரமான்னு பாத்துக்கங்க. பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போறதுல ஒளி வந்து சேர்றது எட்டு நிமிஷம் வரைக்கும் முன்ன பின்ன ஆகலாம், 79 நிமிஷத் துடிப்புல அது கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு.

இனிமேதான் விஷயம். லாம்ப் 1976லயும் ஸ்கார்கிள் 1982லயும் எழுதின முறைல பீரியடோகிராம், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு பலமா இருக்குன்னு காட்டற படம், போட்டா 18.19ல ஒரு ராட்சச பீக் நிக்கும். அதோட வீச்சையும் கட்டத்தையும் ஃபிட் பண்ணி டேட்டாலேர்ந்து கழிச்சுட்டு, மிச்சத்துக்கு மறுபடியும் பீரியடோகிராம், அதுல பெரிய பீக், அதையும் சேத்து எல்லாத்தையும் மொத்தமா மறுபடி ஃபிட், மறுபடி கழி. ப்ரீவொயிட்டனிங்னு சொல்றது இதத்தான். தரையில ஒரே இடத்துலேர்ந்து பாத்த காலத்துல பகல் இடைவெளியால ஒவ்வொரு பீக்குக்கும் ஒரு சுற்று தள்ளி ரெண்டு பக்கமும் போலி பீக் நிக்கும், எது அசல்னு கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. விண்கல டேட்டால அந்தத் தொல்லை போச்சு, பதிலுக்கு வேற ஒண்ணு வந்துது. இரைச்சல் அவ்வளவு கம்மியா இருக்கறதால ஊத்துக் கெணத்துல தண்ணி இறைக்கற மாதிரி இறைக்க இறைக்க ஊறிட்டே இருக்கும். 2எஃப்0, எஃப்0 கூட்டல் எஃப்1, 3எஃப்0, எஃப்1 கழித்தல் எஃப்0ன்னு வந்துட்டே இருக்கும், நாமளும் கை வலிக்காம கழிச்சுட்டே போலாம், ஏன்னா எந்த டேட்டாலயும் எல்லாத்துலயும் பெரிய பீக்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும். வெறும் இரைச்சல் குடுத்தாலும் இருக்கும். தானா நிக்கற கணக்கு இல்ல இது.

நிறுத்தறதுக்கு எல்லாரும் சொல்ற ஒரு விதி உண்டு. 1993ல ப்ரெகரும் கூட இருந்தவங்களும் சொன்னது, பீக்கோட வீச்சு சுத்தி இருக்கற இரைச்சல மாதிரி நாலு மடங்காவது இருக்கணும். தரை டேட்டாவோட அனுபவத்துலேர்ந்து வந்த எண் அது. விண்கல டேட்டால புள்ளிகள் ஆயிரக்கணக்குல இருக்கறதால தற்செயலா நாலத் தாண்டற பீக் ஜாஸ்தியாகும், அதனால அஞ்சு பக்கம் வெக்கச் சொல்றவங்க உண்டு, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா இரைச்சல்ங்கறத எத வெச்சு அளக்கறது? பீக்க சுத்தி ரெண்டு சுற்று அகலத்துல சராசரி எடுத்தா ஒரு எண் வருது, நாலு சுற்று அகலத்துல எடுத்தா வேற எண் வருது, எல்லைல நிக்கற பீக் ஒண்ணுல பாஸ் இன்னொண்ணுல ஃபெயில். இத யாரும் பேப்பர்ல ஒரு வரிக்கு மேல எழுதறதில்ல. நான் எழுதினேன், அகலத்த மாத்தினா லிஸ்ட் எப்படி மாறுதுன்னு ஒரு படமே போட்டேன்.

ரெண்டாவது விதி பிரிதிறன். 1978ல லூமாஸ், டீமிங் ரெண்டு பேரும் சொன்னது, ரெண்டு பீக் நடுவுல 1.5ஐ மொத்தக் காலத்தால வகுத்த அளவாவது இடைவெளி இருக்கணும். 27 நாளுக்கு அது சுமார் 0.055 சுற்று. பெரிய பீக்க கழிச்ச எடத்துக்கு ஒட்டினாப்ல மறுபடி குட்டி குட்டியா மொளைக்கும் பாருங்க, அதையெல்லாம் தனி துடிப்புன்னு எழுதறதுக்கு முன்னால இந்த எண்ண பாக்கணும். இந்த விதி மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி, ஏன்னா இது யாரோ வசதிக்கு வெச்ச எல்லை இல்ல, டேட்டாவோட நீளம் போடற எல்லை.

லாஜிக் ஆளா எனக்கு ரொம்ப உறுத்தினது சேர்க்கை அதிர்வெண்கள்தான். வந்த பீக் ஒவ்வொண்ணையும் எடுத்து, இது எஃப்0வோட முழு எண் மடங்கையும் எஃப்1ஓட முழு எண் மடங்கையும் கூட்டினதா கழிச்சதான்னு பாப்போம். ஆச்சுன்னா அது புது துடிப்பு இல்ல, ரெண்டு பெரிய துடிப்பும் நேர்கோட்டுத்தனம் இல்லாம கலக்கறதுல வர்றது. சரி, ஆனா மடங்குக்கு வரம்பு போடலேன்னா என்ன ஆகும்? எஃப்0க்கும் எஃப்1க்கும் விகிதம் பின்னமா இல்லாத பட்சத்துல அந்த சேர்க்கைகள் எண் கோடு முழுக்க அடர்த்தியா நெரம்பிடும், எந்த எண்ண குடுத்தாலும் பக்கத்துல ஒண்ணு இருக்கும். அதாவது எதையும் சேர்க்கைன்னு தள்ளிடலாம்! ரெண்டுக்கும் மைனஸ் பத்துலேர்ந்து ப்ளஸ் பத்து வரைக்கும்னு வரம்பு போட்டாலே 21க்கு 21, 441 சேர்க்கை. பொருத்தத்துக்கு 0.037 சுற்று முன்ன பின்ன விட்டா, சும்மா எங்கயோ விழுந்த பீக்ல கூட நூத்துக்கு ஆறேழு தற்செயலா ஏதோ ஒண்ணோட பொருந்திடும்னு என் கணக்குல வந்துது.

இதுல இந்த நட்சத்திரம் இன்னொரு குசும்பு பண்ணுது. எஃப்0வ எஃப்1ஆல வகுத்தா விகிதம் 0.7782, ஏழ ஒன்பதால வகுத்தா 0.7778. அதனால 9எஃப்0 163.742, 7எஃப்1 163.655, வித்தியாசம் வெறும் 0.087 சுற்று. எந்த சேர்க்கைய எடுத்தாலும் அதுக்கு 0.087 தள்ளி இன்னொரு உயர் வரிசை சேர்க்கை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பிரிதிறன் எல்லைய கொஞ்சம்தான் தாண்டறதால ரெண்டும் ஒண்ணுன்னும் சொல்ல முடியல, தைரியமா வேறன்னும் சொல்ல முடியல. போதாததுக்கு 0.087ங்கறதே பதினொண்ணரை நாள் காலம், விண்கலத்தோட சுற்றுப்பாதை 13.7 நாள், அந்தப் பகுதில எது வந்தாலும் நான் நம்பல, தூக்கிப் போட்டுட்டேன். கடைசில மடங்குகளோட கூட்டுத்தொகைக்கு சின்ன வரம்பு போட்டு, பெத்த பீக்க விட பிள்ளை பீக் பெருசா இருந்தா சேர்க்கைன்னு ஒத்துக்கறதில்லன்னு வெச்சுக்கிட்டேன். ரெண்டு கணக்கிடக்கூடிய மெய்யெண் சமமான்னு தீர்மானிக்க பொதுவான வழிமுறை கிடையாதுன்னு வகுப்புல எத்தனையோ தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். இங்க அது தேற்றமா இல்லாம தெனப்படி தலைவலியா வந்து நின்னுது. இன்னொண்ணு, ஃப்ளக்ஸ்ல பண்றீங்களா மேக்னிட்யூட்ல பண்றீங்களான்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டு மாறாம இருங்க. வானியல்காரங்க வெளிச்சத்த அளக்கற மேக்னிட்யூட் ஒரு லாகரிதம், அது தன் பங்குக்கு சேர்க்கை பீக்கோட வீச்ச மாத்தும்.

மாடல் பக்கம் போனப்பதான் மூச்சு விட்டேன். வெப்பம் கைமாறாத ஆரத் துடிப்புக்கான சமன்பாடு ஒரு ஸ்டர்ம்-லியோவில் கணக்கு, ஐகன்வேல்யூ தேடற வகைல நல்லா தெரிஞ்ச ஒண்ணு. அதிர்வெண்ணோட வர்க்கம்தான் ஐகன்வேல்யூ. மையத்துலயும் மேற்பரப்புலயும் சமன்பாடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அத ஒழுங்கா எல்லை நிபந்தனை போட்டு அடக்கிட்டா ஸ்டர்ம் சொன்னது நிக்குது: ஃபண்டமென்டலுக்கு உள்ள நோடே (துடிக்கறப்ப ஆடாம நிக்கற இடமே) இருக்காது, முதல் ஓவர்டோனுக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு. மெசாங்கற ப்ரோக்ராம்ல நட்சத்திர மாடல் கட்டி அத கைர்ங்கற துடிப்பு கணக்கிடற ப்ரோக்ராம்ல குடுத்தா, அது அதிர்வெண்ண படிப்படியா ஏத்திட்டே போயி ஒரு சார்பு எங்க குறி மாறுதுன்னு பாத்து அங்க மூலத்த தேடும். படி பெருசா இருந்து ஒரு படிக்குள்ள ரெண்டு மூலம் மாட்டினா குறி மாறாது, ரெண்டும் சத்தமில்லாம விட்டுப்போகும். எர்ரர் எதுவும் வராது. ஆனா கிடைச்சதுல நோட எண்ணிப் பாருங்க: பூஜ்யம், ஒண்ணு, நாலுன்னு இருந்தா நடுவுல ரெண்டு துடிப்ப காணோம்னு அர்த்தம், பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருந்தா அதுவரைக்கும் ஒண்ணும் விடுபடல. தேடல் முடிஞ்சதுக்கு சான்றிதழ்! டேட்டா பக்கம் இப்படி ஒண்ணு கெடச்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு ஏங்கிட்டேன். ஆரமில்லாத துடிப்புகளுக்கு இவ்வளவு நேரா வேலை செய்யாது, அங்க நோட எண்றதுக்கே தனி விதிமுறை வேணும்.

இந்த சான்றிதழ் எவ்வளவு அபூர்வம்னு தெரியணும்னா பூர்-எல், ரிச்சர்ட்ஸ்ங்கற கணித ஆளுங்க ரெண்டு பேரோட வேலைய பாக்கணும். 1981லயே முப்பரிமாண அலைச் சமன்பாட்டுக்கு கணக்கிடக்கூடிய ஆரம்ப நிலை குடுத்தும் தீர்வு கணக்கிட முடியாததா போகலாம்னு காட்டினவங்க. ஆற்றல வெச்சு அளந்தா அந்த சிக்கல் இருக்காது, அது வேற கதை. ஐகன்வேல்யூ பத்தி அவங்க சொன்னதுதான் எனக்கு முக்கியம்: நல்லபடியா வரையறுத்த செல்ஃப்-அட்ஜாயின்ட் ஆபரேட்டருக்கு (ஐகன்வேல்யூ எல்லாம் மெய்யெண்ணா வர்ற வகை) ஒவ்வொரு ஐகன்வேல்யூவும் தனித்தனியா கணக்கிடக்கூடியதுதான், ஆனா எல்லாத்தையும் வரிசையா எடுத்துக் குடுக்கற ஒரே ப்ரோக்ராம் இல்லாமயே போகலாம். நம்ம நட்சத்திரத்துக்கு அந்த பயம் இல்ல, ஒரு பரிமாணக் கணக்கு, நோட் எண்ணிக்கை காப்பாத்துது.

ஒப்பீட்டுல பெருசா ஆச்சரியம் இல்ல. ஃபண்டமென்டலோட காலம் சராசரி அடர்த்தியோட வர்க்கமூலத்துக்கு தலைகீழா போகும், அதுலேர்ந்து இந்த நட்சத்திரத்தோட அடர்த்தி சூரியனோடதுல மூணுல ஒரு பங்கு சொச்சம்னு வரும். டெல்டா ஸ்க்யூட்டில விகிதம் 0.77 பக்கம் இருக்கும், 0.778ன்னு கொஞ்சம் ஏறினா உலோகம் கம்மின்னு மாடல் சொல்லுது, இவர் ஜாதகமும் அதேதான்.

பேப்பர் அனுப்பினப்ப ரிவ்யூவர் ஒருத்தர், ஏன் இன்னும் ஜாஸ்தி அதிர்வெண் எடுக்கல, இதே நட்சத்திரத்துக்கு இன்னும் எடுக்கலாமேன்னு எழுதினார். கோவம் வந்துது, ஒத்துக்கறேன். லிஸ்ட் நீளமா இருந்தா வேலை நல்லா நடந்திருக்குன்னு ஒரு நெனப்பு இந்தத் துறைல இருக்கு, எனக்கு அது புடிக்கல. பதில்ல சண்ட போடாம, அதே நேரப் புள்ளிகள்ல வெறும் செயற்கை இரைச்சலப் போட்டு அதே கோட ஓடவிட்டு, நாலுன்னு வெச்சா எவ்வளவு போலி பீக் வருது, அஞ்சுன்னு வெச்சா எவ்வளவுன்னு படம் போட்டு அனுப்பினேன். எல்லைல நின்னதெல்லாம் சந்தேகத்துக்குரியதுன்னு தனி டேபிள்ல போச்சு. அதுக்கப்பறம் கேள்வி வரல.

இப்ப கைல இருக்கறது ரெண்டு வருஷம் கழிச்சு தெற்கு வானத்த மறுபடி பாத்த டேட்டா. அத சேத்தா பிரிதிறன் எக்கச்சக்கமா ஏறும், 0.087 தகராறு தீந்துடும். ஆனா நடுவுல உள்ள இடைவெளியால ஒவ்வொரு பீக்குக்கும் பக்கத்துல 0.0014 சுற்று இடைவெளில சீப்புப் பல்லாட்டம் போலிகள் நிக்கும். எஃப்0, எஃப்1 ரெண்டுக்கும் கவலை இல்ல, அதுங்களோட பிழை அதவிட ரொம்ப சின்னது, நடுவுல எஃப்0 பதிமூணாயிரத்துச் சொச்சம் சுற்று ஓடினத துல்லியமா எண்ணிடலாம். சந்தேக டேபிள்ல இருக்கற குட்டிகளுக்குத்தான் எந்தப் பல்லு அசல்னு சொல்ல வழி தெரியல, யாராவது இந்த மாதிரி டேட்டா சேத்து ஓட்டியிருந்தா என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க.