ஹார்டுவேர் வாலட்டிலிருந்து காயின் திருடுபோனால்: புகார் கொடுக்கும் முன்னும் பின்னும்

லெட்ஜர், ட்ரெசார் மாதிரியான ஹார்டுவேர் வாலட்டிலிருந்து (கிரிப்டோ காயினின் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி) காயின் போய்விட்டது என்று வருபவர்கள் முதலில் கருவியைத்தான் திட்டுவார்கள். நாங்கள் பார்த்தவரை கருவியை யாரும் உடைப்பதில்லை. மீட்புக்கான அந்த 12 முதல் 24 வார்த்தைகள்தான் வெளியே போயிருக்கும்; அவை கிடைத்தால் கருவியே இல்லாமல் காயினை எடுத்துவிடலாம். டெல்டாவில் இதற்கென்றே ஒரு வழி உண்டு. சம்பாதிப்பவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், கருவி அதிராம்பட்டினத்து வீட்டு பீரோவில் இருக்கும். வார்த்தைகள் எழுதிய தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அந்தப் படம் இரண்டு போன்களின் கேலரியிலும், அங்கிருந்து கிளவுடு பேக்கப்பிலும் ஏறிவிடும். அப்புறம் ஒரு மெயில் பாஸ்வேர்டு கிடைத்தாலே போதும். வார்த்தைகள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டையோடு பெட்டி வந்திருந்தால் இன்னும் மோசம்: அசல் கருவி வார்த்தைகளைத் தானே உருவாக்கித் திரையில் காட்டும், அட்டை வெறுமையாகத்தான் வரும்.

எது போயிருக்கிறது என்பதை வைத்தே எப்படிப் போனது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பிட்காயின், ஈதர், ட்ரான் எல்லாமே காலியென்றால் வார்த்தைகள் கசிந்திருக்கின்றன. யுஎஸ்டிடி (டெதர் நிறுவனத்தின் டாலர் மதிப்பு டோக்கன்) மட்டும் போய், அதே முகவரியில் ஈதர் அப்படியே இருந்தால், ஏதோ ஒரு தளத்தில் நீங்கள் கையெழுத்திட்ட 'அப்ரூவல்'தான் (உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ளத் தரும் அனுமதி) காரணமாக இருக்கும்; அதை ரிவோக் செய்ய, அதாவது ரத்து செய்ய வேண்டும். வார்த்தைகளே கசிந்திருந்தால் பின் நம்பரை மாற்றுவதும் ஃபர்ம்வேர் அப்டேட்டும் வீண். மிச்சம் இருப்பதைப் புதிய வார்த்தைகளில் உருவான வாலட்டுக்கு உடனே மாற்றுங்கள். டோக்கன் மாட்டிக்கொண்டிருக்கிறது, கட்டணத்துக்குக் கொஞ்சம் ஈதர் போட்டு எடுத்துவிடலாம் என்று இறங்காதீர்கள். திருடனின் 'ஸ்வீப்பர்' நிரல் அந்த முகவரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போட்ட ஈதரைச் சில நொடிகளில் வழித்துக்கொண்டு போய்விடும்.

1930-க்கு அழைத்து, cybercrime.gov.in என்ற முகவரியை ஆங்கிலத்தில் அடித்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த ஏற்பாடு வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் முடக்குவதற்கானது. வாலட்டிலிருந்து வாலட்டுக்குப் போனதை முடக்க அங்கே வங்கி எதுவும் இல்லை. அதனால் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு அன்றே மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். மயிலாடுதுறைக்காரர்கள் கவனிக்க: தனி மாவட்டமாகி ஆண்டுகள் பல ஆனாலும் ஆதாரில் நாகப்பட்டினம் என்றே இருக்கும், படிவத்தில் இப்போதைய மாவட்டத்தைப் போடுங்கள். உரியவர் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் உள்ள ஒருவரே புகார்தாரராக இருப்பது நல்லது. மின்னணு வழியில் கொடுத்த புகாரில் மூன்று நாளுக்குள் கொடுத்தவரே கையெழுத்திட வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) பிரிவு 173.

கையில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு திருப்திப்படாதீர்கள். காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகள் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலையோ விசாரணை அதிகாரியின் கடிதத்தையோதான். பதிவு செய்ய மறுத்தால் 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஐ.டி. சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புகார் நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். வாலட் முகவரியில் யார் பெயரும் இருக்காது. அது உங்களுடையது என்று முதலில் காட்டியாக வேண்டும். காயின் வாங்கிய எக்ஸ்சேஞ்சின் ஸ்டேட்மென்ட், பணம் போன வங்கி ஸ்டேட்மென்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்து வாலட்டுக்கு மாற்றிய பரிவர்த்தனையின் ஹேஷ் (அதன் அடையாள எண்), இந்த மூன்றும் சேர்ந்தால் சங்கிலி முழுமையாகும். திருட்டுப் பரிவர்த்தனையின் ஹேஷை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் கொடுக்காமல் எழுத்தாகவும் அச்சடித்துக் கொடுங்கள். ஈதரின் பிளாக்செயினான ஈத்தரியத்தில் அது 66 எழுத்து, அதைப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் பிழை வராமல் இருக்காது. பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் தளங்கள் பல சமயம் யுடிசி நேரத்தைக் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது) காட்டும். அதில் 8-ஆம் தேதி இரவு 8:40 என்றால் நமக்கு 9-ஆம் தேதி அதிகாலை 2:10. இதைக் கவனிக்காமல் எழுதினால் புகாரில் ஒரு தேதி, இணைப்பில் வேறு தேதி. மின்னணு ஆவணங்களுக்கு பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றும் தேவைப்படும்.

பின்தொடர்வதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். காசு கைமாறிக் கைமாறி ஒரு எக்ஸ்சேஞ்சின் பெயர் ஒட்டிய பெரிய முகவரிக்குள் விழும். அங்கிருந்து வெளியே போவதைத் துரத்தாதீர்கள்; அது எல்லா வாடிக்கையாளர்களின் பணமும் கலந்த இடம். அதற்கு முந்தைய, பெயரில்லாத முகவரிதான் பெரும்பாலும் திருடனின் டெபாசிட் முகவரி, கேஒய்சி (கணக்கு வைத்திருப்பவரின் அடையாள விவரம்) அதற்குப் பின்னால் இருக்கும். அந்த ஒரு முகவரியைப் புகாரில் தடித்த எழுத்தில் போடுங்கள். பிஎன்எஸ்எஸ் 94-இன்கீழ் விவரம் கேட்டு அதிகாரி நோட்டீஸ் அனுப்ப அதுவே போதும். நீங்களும் அன்றே அந்த எக்ஸ்சேஞ்சுக்கு எழுதி டிக்கெட் எண் வாங்குங்கள். போலீஸ் கடிதம் வரும்வரை சில எக்ஸ்சேஞ்சுகள் கணக்கை நிறுத்தி வைப்பதுண்டு. யுஎஸ்டிடி இன்னும் வாலட்டிலேயே கிடந்தால் டெதர் நிறுவனத்தால் அந்த முகவரியை முடக்க முடியும். பிட்காயினை அப்படி முடக்க யாராலும் முடியாது. மிக்ஸருக்குள் (பலரின் காயினைக் கலந்து தடத்தை மறைக்கும் சேவை) போயிருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருப்பது வழக்கறிஞருக்குக் கைகொடுக்கும். உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை.

இதற்கிடையில் டெலிகிராமில் 'மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும்' என்று ஆள் வருவான். பிளாக்செயினில் பதிவானதைத் திருப்பும் வித்தை எவனிடமும் இல்லை. பழைய கருவியை மட்டும் ரீசெட் செய்துவிடாதீர்கள். பெட்டி, அட்டை, பில் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள், அதிகாரி கேட்டால் எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.