பழைய பிக்கப்பின் கரண்ட் கோளாறு: மூன்று ஞாயிற்றுக்கிழமைக் கதை

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) எடுக்காது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

முதல் ஞாயிறு நான் செய்தது முட்டாள்தனம். அளந்து பார்க்காமலே பேட்டரியை மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் அதே 'டக்'. பழைய பேட்டரியை அன்றிரவே அளந்தேன்: 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

அடுத்த வாரம் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி முனைகளிலேயே அளந்தால் 11 வோல்ட். செல்ஃப் மோட்டாரில் 8.6 தான். நடுவில் 2.4 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. பிளஸ் பக்கம் 0.3 மட்டும் குறைந்தது. பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே 2.1! அங்கே 0.2-க்கு மேல் வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

என் வண்டியில் மைனஸ் கேபிள் சேஸிக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகிறது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸியையும் அதையும் இணைப்பது ஒரு பின்னல் எர்த் பட்டை மட்டுமே (எர்த் என்றால் மின்னோட்டம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). ஓம் வைத்துப் பார்த்தால் சுழியம்தான் காட்டியது. இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். நாலு இழை பிழைத்திருந்தாலும் மீட்டரின் துளி மின்னோட்டத்துக்கு அது போதும். செல்ஃப் இழுக்கும் 150 ஆம்பியருக்குப் போதாது. அவ்வளவு மின்னோட்டத்தில் 0.014 ஓம் இருந்தாலே 2.1 வோல்ட் போய்விடும். அதனால் லோடு கொடுத்து, அதாவது செல்ஃப் அடிக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

பட்டையைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்டும். மடித்துப் பார்த்தேன், பாதி இழை கையோடு வந்தது. புதுப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் தேய்த்து, முறுக்கியபின் மேலே வாசலின் பூசினேன். இப்போது 0.1 வோல்ட். செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் உடம்பும் இன்ஜினில்தானே எர்த் ஆகிறது. ஹெட்லைட் போட்டால் 13.6 தாண்டாத பேட்டரி இப்போது 14.2 காட்டுகிறது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் நிறுத்தி வைத்தேன், மறுபடி படுத்துவிட்டது. இந்தத் தடவை 'டக்'கூட இல்லை, பேட்டரியே இறங்கிப் போயிருந்தது.

சார்ஜ் ஏற்றி, மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். (அப்படியே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நான் திருப்பினேன், மீட்டரின் ஃபியூஸ் காலி.) வண்டி அணைந்திருக்கும்போது 0.43 ஆம்பியர். 0.05-க்குள் இருக்க வேண்டியது. ஒவ்வொரு ஃபியூஸாக உருவியதில், உள் விளக்கு ஃபியூஸில் 0.02-க்கு இறங்கியது. டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் 5 வாட் பல்பு! மூடினாலும் ஸ்விட்ச் அமுங்கவில்லை. திறந்து தொட்டால் பல்பு சுடுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர்-மணி அது தின்றிருக்கிறது.

பல்பை இப்போதைக்குக் கழற்றிவிட்டேன். ஸ்விட்ச் இன்னும் கிடைக்கவில்லை. பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. பின் விளக்கு எர்த்தாகத்தான் இருக்கும், அடுத்த ஞாயிறு பார்க்கிறேன்.