லேப்டாப்பில் வரும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் டெஸ்க்டாப்பில் வரலையா?

டிஸ்க் போச்சுன்னு உடனே சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடாதீங்க. சிபியு முன்பக்கம் சொருகாம, பின்னாடி மதர்போர்டிலேயே இருக்கிற நீல யுஎஸ்பி 3.0 போர்ட்டில் சொருகிப் பாருங்க. யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. இரண்டரை இன்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற நொடியில்தான் கரண்ட் அதிகம் இழுக்கும். முன்பக்க போர்ட்டுக்குப் போற மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிடும். லைட் எரியும், 'டிக் டிக்'னு சத்தம் வரும், டிரைவ் வராது. நீளமான, மட்டமான கேபிளும் இதே வேலையைக் காட்டும்.

சீரா சுழன்றும் காணோமா? விண்டோஸ் பட்டனோட எக்ஸ் அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்க. டிஸ்க் அங்கே தெரிஞ்சு, D, E மாதிரி டிரைவ் எழுத்து மட்டும் இல்லைன்னா, ரைட் கிளிக் பண்ணி ஒரு எழுத்து கொடுத்தா போதும். 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்'னு கேட்டா தயவுசெஞ்சு ஓகே கொடுக்காதீங்க, உள்ளே இருக்கிற ஃபைல்கள் போயிடலாம். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கான ஃபார்மட்டில் இருக்கிற நல்ல டிஸ்க்கையும் ஃபார்மட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்கும்.