பால்மைரா தோப்பும் கர்ட்லண்ட் கோயிலும்: அத்தையோட ஒரு பயணம்

நியூயார்க் மாநிலத்துல பால்மைரான்னு ஒரு சின்ன ஊர், அங்க மெயின் ஸ்ட்ரீட்டும் கனன்டேகுவா ரோடும் வெட்டிக்கிற எடத்துல நாலு மூலைக்கும் நாலு சர்ச் நிக்குது, மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட், எபிஸ்கோப்பல்னு. கார விட்டு எறங்கினதும் எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா, தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், பரம்பரை சிஎஸ்ஐ) கேட்டாங்க, "இதுல நம்ம சபை எதும்மா?" யோசிச்சுப் பாத்தா பாப்டிஸ்ட்ட தவிர மத்த மூணும் நம்ம சொந்தக்காரங்கதான், 1947ல ஆங்கிலிக்கன், பிரிட்டிஷ் மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒண்ணா சேந்துதான நம்ம சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையே உண்டாச்சு. அத்தைக்கு அது ரொம்ப திருப்தி. "அப்ப இந்த ஊருக்காரங்களும் பேசாம சேந்திருக்கலாம்ல"ன்னாங்க.

சேரல, அதான் கதையே. 1820 வாக்குல இந்த ஊர்ல ஒரு 14 வயசு பையன் இதே மாதிரி குழம்பிப் போய் நின்னான், எந்த சபை சரின்னு தெரியாம. (இப்ப நிக்கிற சர்ச் கட்டடமெல்லாம் அதுக்கப்புறம் வந்தது, சபைங்களும் சண்டையும்தான் பழசு.) அவன் பேரு ஜோசப் ஸ்மித். மார்மன்னு ஊர் சொல்ற, அவங்களே சொல்லிக்கிறது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு, அந்த சபைய ஆரம்பிச்சவர்.

நாங்க மார்மன் இல்ல, ஆகப்போறதும் இல்ல, மொதல்லயே சொல்லிடறேன். ஒஹாயோல எங்க தெருவுல ஒரு மார்மன் குடும்பம் இருக்கு, அத்தைக்கு ஆபரேஷன் ஆனப்போ எங்க சர்ச் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே சாப்பாடு கொண்டுவந்து வச்சிட்டுப் போனவங்க. அப்பலேர்ந்து அத்தைக்கு ஒரே கேள்வி, இவங்க நம்ம ஆளுங்களா இல்லையா? நான் என்ன சொன்னாலும் ஒத்துக்கல, நேர்ல போய்ப் பாப்போம்னு கெளம்பிட்டோம்.

அந்தக் காலத்துல மேற்கு நியூயார்க் முழுக்க எழுப்புதல் கூட்டமாத்தான் இருந்திருக்கு. ஈரி கால்வாய் வெட்டி 1825ல முடிச்சாங்க, அதை ஒட்டி புதுசா ஊருங்க முளைச்சுது, ஜனங்க வந்து குவிஞ்சாங்க, பின்னாடியே பிரசங்கியாருங்களும் வந்தாங்க. மெதடிஸ்ட்காரங்க காட்டுல கூடாரம் அடிச்சு நாள் கணக்கா கூட்டம் போடுவாங்க, அழுகை, அலறல், தரையில விழறது எல்லாம் உண்டு, நம்ம ஊர் கன்வென்ஷனுக்குப் போனவங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. திரும்பத் திரும்ப எழுப்புதல் நெருப்பு பட்டு, எரிய இனிமே ஒண்ணுமில்லங்கற அர்த்தத்துல அந்தப் பகுதிக்கு ஒரு பட்டப்பேரே விழுந்துருச்சு.

ஸ்மித் வீட்டுக்குள்ளயே பாருங்க, அம்மா லூசியும் பிள்ளைங்க சில பேரும் பிரஸ்பிட்டேரியன் சபையில சேந்துட்டாங்க, அப்பா எல்லாருக்குமே கடைசியில ரட்சிப்பு உண்டுன்னு சொல்ற யூனிவர்சலிஸ்ட் பக்கம் சாஞ்சவர், எந்த சபையிலயும் நெலையா உக்காரல, ஜோசப்புக்கு மெதடிஸ்ட் மேல ஒரு இது. ஒரே அடுப்புல சாப்பிடறவங்க ஞாயித்துக்கெழம ஆளுக்கொரு பக்கம். அந்தப் பையன் யாக்கோபு 1:5 வாசிச்சிட்டு வீட்டுக்குப் பின்னாடி இருந்த காட்டுக்குள்ள போய் ஜெபம் பண்ணினதா அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார்.

அந்தக் காட்டைத்தான் இப்ப பரிசுத்த தோப்புன்னு பாதுகாக்கிறாங்க. ஸ்மித் குடும்பத்து மரவீட்ட திரும்பக் கட்டி வச்சிருக்காங்க, அதைத் தாண்டி நடந்தா தோப்பு. மேப்பிள், பீச் மரமா நெடுநெடுன்னு நிக்குது, மண் பாதை, அங்கங்க பெஞ்சு. எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், இந்த மரத்தடியிலதான் நடந்துச்சுன்னு எங்கயும் குறிச்சு வைக்கல, எந்த எடம்னு யாருக்கும் தெரியாதுங்கறதால அப்படியே விட்டுட்டாங்க. உண்டியல் இல்ல, கடை இல்ல, மெழுகுவர்த்தி விக்கிறவங்க இல்ல. அத்தை ஒரு பெஞ்சுல உக்காந்து கண்ணாடிய மாட்டிட்டு வாசிச்சாங்க, "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." சின்ன வயசுலேர்ந்து மனப்பாடம் பண்ண வசனம்தான், ஆனா அந்த எடத்துல கேக்கும்போது எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அங்க வச்சுதான் ரொம்ப நாளா கேக்காம தள்ளிப்போட்டுட்டிருந்த ஒரு காரியத்த நான் தேவன்கிட்ட கேட்டேன், அது என்னன்னு இங்க எழுத மாட்டேன்.

சரி, பையன் கேட்டதுக்கு என்ன பதில் வந்துச்சு? இங்கதான் நெறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. ஜோசப் ஸ்மித் அந்தத் தோப்புல கண்டதா சொல்ற தரிசனத்த ஒரு தடவை இல்ல, பல தடவை சொல்லியிருக்கார். 1832ல அவர் கைப்பட எழுதினதுல முக்கியமா வர்றது என்னன்னா, ஆண்டவர் தரிசனமாகி உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டதுன்னு சொன்னார்ங்கறது. அதை அப்படியே எடுத்துட்டுப் போய் ஒரு மெதடிஸ்ட் சாட்சிக் கூட்டத்துல வாசிச்சா யாரும் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாங்க, அந்தக் காலத்துல நூத்துக்கணக்கான பேர் அப்படித்தான் சாட்சி சொன்னாங்க. 1838ல எழுதினதுதான் இப்ப அவங்க சபையோட அதிகாரப்பூர்வமான விவரம், அதுல பிதாவும் குமாரனும் ரெண்டு தனித்தனி ஆளா நிக்கிறாங்க, எந்த சபையிலயும் சேராதே எல்லாமே தப்புங்கறாங்க, அந்த சபைங்களோட விசுவாசப் பிரமாணங்கள் எல்லாம் தேவனோட பார்வையில அருவருப்புன்னும் வருது. 1838 வர்றதுக்குள்ள அவரு எவ்வளவு அடி வாங்கியிருந்தார்னு தெரிஞ்சா அந்தக் கோவம் கொஞ்சம் புரியும், 1832ல ஒஹாயோல ராத்திரியில வீடு புகுந்து இழுத்துட்டுப் போய் தார் பூசி இறகு ஒட்டி விட்டாங்க. ஆனா புரியறதும் ஏத்துக்கறதும் வேற வேற. நம்ம நிசேயா விசுவாசப் பிரமாணத்த ஞாயிறுதோறும் எழுந்து நின்னு சொல்றவங்களுக்கு அந்த வரி குத்தத்தான் செய்யும்.

ஊருக்குள்ள மார்மன் புஸ்தகம் (வேதாகமத்தோட சேத்து அவங்களுக்கு இதுவும் வேதம்) அச்சான கிராண்டின் அச்சகம் இருக்கு, 5000 பிரதி, 3000 டாலர் செலவு, மார்ட்டின் ஹாரிஸ்ங்கற விவசாயி தன் நிலத்த அடமானம் வச்சு பொறுப்பெடுத்தார், 1830 மார்ச்ல விக்க ஆரம்பிச்சு ஏப்ரல் 6ல ஃபேயெட்ல சபை ஆரம்பம். அந்தப் புஸ்தகத்துக்கு மூலம்னு ஜோசப் சொன்ன பொன் தகடு கெடைச்சதா சொல்ற குமோரா குன்றும் பாத்தோம். 2019 வரைக்கும் வருஷா வருஷம் அங்க பெரிய நாடகம் போடுவாங்களாம், இப்ப நிறுத்தியாச்சு. உண்மையச் சொன்னா குன்று எனக்கு பெருசா ஒண்ணும் தோணல.

என்னை உலுக்கினது ஊர் கல்லறைத் தோட்டம். அங்க ஜோசப்போட அண்ணன் ஆல்வின் இருக்கார். வீட்டுக்குத் தூண் மாதிரி இருந்த பிள்ளை, அப்பா அம்மாவுக்கு நல்ல வீடு கட்டணும்னு ஆரம்பிச்சவர், 1823 நவம்பர்ல வயித்து வலின்னு படுத்தவருக்கு டாக்டர் பாதரச மருந்து குடுத்து அதுலயே போயிட்டார், 25 வயசு. ஞானஸ்நானம் எடுக்கல. அடக்க ஆராதனையில பிரஸ்பிட்டேரியன் போதகர் இவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார்ங்கற மாதிரி பேசினதா தம்பி வில்லியம் பின்னாடி சொல்லியிருக்கார். அது போதாதுன்னு அடுத்த வருஷம் யாரோ பிணத்தத் தோண்டி எடுத்துட்டாங்கன்னு ஊர்ல வதந்தி, அப்பாவே போய் குழிய வெட்டிப் பாத்து, அப்படியெல்லாம் இல்லன்னு பத்திரிகையில விளம்பரம் குடுக்க வேண்டியதாப் போச்சு. பெத்த பிள்ளையோட குழிய அப்பாவே வெட்டறது! அத்தை ரொம்ப நேரம் அந்தக் கல்லு முன்னாடி நின்னாங்க. அவங்களுக்கு முதல் பிள்ளை பிறந்து மூணாம் நாளே தவறிப் போச்சு, ஐயர் (எங்க பக்கம் போதகர அப்படித்தான் சொல்லுவோம்) வந்து ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள. வீட்டுல அதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

மறுநாள் காலையில கெளம்பி ஐ-90 புடிச்சு ஒஹாயோ பக்கம் திரும்பினோம், மார்மன்காரங்க முதல் முதலா கட்டின கோயில் இருக்கற கர்ட்லண்ட் வர நாலு மணி நேரம் கிட்ட ஆகும், கிளீவ்லண்டுக்குப் பக்கம். வழியில காபிக்கு நிறுத்தினப்போ அத்தை, "இவங்க காபியே குடிக்க மாட்டாங்களாமே, இது எந்த வசனத்துல இருக்கு"ன்னாங்க. 1833ல கர்ட்லண்ட்ல வந்த வெளிப்பாடு அது, புகையிலை, சாராயம், சூடான பானம் எதுவும் கூடாதுன்னு. அந்தக் காலத்துல மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் நடுவுலயும் மதுவிலக்கு இயக்கம் சூடு பிடிச்சிருந்த நேரம்தான். சாராயம் சரி, காபிய விட்டது எனக்கு ஜீரணமாகல.

கர்ட்லண்ட்ல எப்படி இவ்வளவு சீக்கிரம் வேர் பிடிச்சுதுன்னா அதுக்கு சிட்னி ரிக்டன்னு ஒருத்தர் காரணம். அவர் அலெக்சாண்டர் கேம்பெல்லோட கூட்டாளி. கேம்பெல் யாருன்னா, நம்ம ஊர்லயும் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்னு போர்டு பாத்திருப்பீங்களே, அந்த இயக்கத்தோட முன்னோடி. பிரமாணம், பிரிவு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அப்போஸ்தலர் நடபடிகள்ல இருக்கற மாதிரியே ஆதிச் சபைய திரும்பக் கொண்டுவரணும், பாவமன்னிப்புக்குன்னு முழுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும், இதான் அவங்க போதனை. ரிக்டனுக்கு அது பத்தல, ஆதிச் சபைன்னா சொத்தையும் பொதுவா வைக்கணுமே, அற்புதமும் வரமும் இருக்கணுமேன்னு 1830ல கேம்பெல்லோட முறிச்சுக்கிட்டார். அதே வருஷக் கடைசியில மார்மன் மிஷனரிங்க வந்து, ஆதிச் சபை திரும்ப வந்துருச்சு, தேவதூதரே வந்து குடுத்துட்டுப் போனார்னு சொன்னா விடுவாரா? சில வாரத்துலயே நூத்துக்கு மேல ஞானஸ்நானம். கேம்பெல்லுக்கு வந்துச்சே கோவம், 1831லயே மார்மன் புஸ்தகத்த கிழிச்சு ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருஷமா நியூயார்க்ல சபைங்க அடிச்சுக்கிட்ட எல்லா விவாதத்துக்கும், குழந்தை ஞானஸ்நானம், திரித்துவம், மனந்திரும்புதல்னு ஒண்ணு விடாம, இந்தப் புஸ்தகத்துல தீர்ப்பு இருக்குன்னு கிண்டல். அவர் கிண்டலா சொன்னது ஒரு வகையில சரியான கவனிப்புன்னு நான் நெனைக்கிறேன், அந்த ஜனங்க பசியோட இருந்த கேள்விங்களுக்கெல்லாம் அதுல பதில் இருந்ததாலதான எடுத்துக்கிட்டாங்க.

கோயில் மேட்டு மேல நிக்குது. 1833ல ஆரம்பிச்சு 1836 மார்ச் 27 பிரதிஷ்டை. வெளியிலேர்ந்து பாத்தா அந்தக் கால நியூ இங்கிலாந்து சர்ச் மாதிரியே வெள்ளையா, கோபுரத்தோட, கூர்மையான வளைவு ஜன்னல். உள்ள போனா ஒரு ஆச்சரியம், ரெண்டு கோடியிலயும் பிரசங்க பீடம், படிப்படியா அடுக்கி, மேற்குப் பக்கம் அவங்க சபையில மேல்நிலையான மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவத்துக்கு, கிழக்குப் பக்கம் அதுக்குக் கீழ்நிலையான ஆரோன் ஆசாரியத்துவத்துக்கு. பெஞ்ச திருப்பிப் போட்டு எந்தப் பக்கம் வேணா பாத்து உக்காரலாம். பீடம் இருக்கு, பலிபீடம் மாதிரி எதுவும் இல்ல, சிலை படம் இல்ல, வெளிச்சம் மட்டும் தாராளமா வருது. பிரதிஷ்டைக்கு ஆயிரம் பேர் கிட்ட உள்ள திணிச்சுக்கிட்டு உக்காந்தாங்களாம், ஓசன்னா ஆர்ப்பரிப்பு, அந்நியபாஷை, தரிசனம் எல்லாம் நடந்ததா எழுதி வச்சிருக்காங்க. ஜோசப்போட மனைவி எம்மா தொகுத்த பாட்டுப் புஸ்தகத்துல ஐசக் வாட்ஸ் பாட்டுங்களே நெறைய, நம்ம ஞாயிறு ஆராதனையில பாடற அதே வாட்ஸ். அத்தைக்கு அந்த ஹாலுக்குள்ள எந்த அன்னியமும் தெரியல.

அப்ப எங்கள கூட்டிட்டுப் போன வயசான கைடம்மா ஒண்ணு சொன்னாங்க. பிரதிஷ்டைக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1836 ஜனவரி 21, இதே கட்டடத்துக்குள்ள ஜோசப் பரலோகத்த தரிசனத்துல பாத்தாராம், அங்க ஆல்வின் அண்ணன் நின்னாராம். ஞானஸ்நானமே எடுக்காத ஆள் எப்படி இங்கன்னு அவருக்கே ஆச்சரியம். சுவிசேஷத்த அறியாம செத்தவங்க, அறிஞ்சிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்கன்னா அவங்களுக்கும் உண்டு, சின்னப் பிள்ளைங்களா போனவங்க எல்லாரும் ரட்சிக்கப்பட்டவங்கன்னு பதில் வந்துச்சாம். நான் இங்கிலீஷ்ல கேட்டு அத்தைக்கு தமிழ்ல சொல்லச் சொல்ல அவங்க கண்ணு கலங்கிப் போச்சு. 12 வருஷம் கழிச்சும் ஒரு தம்பி மனசுல அந்த அடக்க ஆராதனை ஓடிக்கிட்டே இருந்திருக்குன்னு எனக்குத் தோணுது. இதுதான் பின்னாடி 1840ல நாவூல மரிச்சவங்களுக்காக உயிரோட இருக்கறவங்க எடுக்கற ஞானஸ்நானமா வளந்துச்சு, 1 கொரிந்தியர் 15:29 அதுக்கு ஆதாரம்ங்கறாங்க. அந்த அளவுக்கு என்னால கூட வர முடியல.

நாவூங்கறது இல்லினாய்ல. அங்கதான் பாதை நெஜமா பிரியுது. 1844 ஏப்ரல்ல ஒரு அடக்கப் பிரசங்கத்துல தேவனே ஒரு காலத்துல மனுஷனா இருந்தவர்னு ஜோசப் சொன்னார், ரெண்டு மாசத்துல ஜூன் 27 கார்த்தேஜ் ஜெயில்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. கர்ட்லண்ட்ல நிக்கிற வரைக்கும் நம்ம தெருவுலயே வேற வீடு மாதிரி இருக்கு, அதுக்கப்புறம் ஊரே வேற. இதை நானா சொல்லல, கட்டடமே சாட்சி. ஜோசப்புக்கு அப்புறம் பிரிஞ்ச இன்னொரு கூட்டம், கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட், திரித்துவத்த ஏத்துக்கிட்டு 2010ல அமெரிக்க தேசிய சபைகள் மன்றத்துலயும் சேந்தாச்சு, அவங்க கையிலதான் இந்தக் கோயில் ரொம்ப காலம் இருந்துச்சு. 2024 மார்ச்ல யூட்டா சபைக்காரங்க (மொதல்ல சொன்ன பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை) நாவூ எடங்க, பழைய கையெழுத்துப் பிரதிங்க எல்லாம் சேத்து 19.25 கோடி டாலருக்கு வாங்கிட்டாங்க. இப்பவும் யார் வேணா இலவசமா உள்ள போய்ப் பாக்கலாம், அவங்களோட மத்த கோயிலுங்க மாதிரி அனுமதி அட்டை கேக்கறதில்ல.

வெளிய வரும்போது அத்தை கைடம்மாகிட்ட நேராவே கேட்டுட்டாங்க, "நான் உங்க சபையில சேந்தா எனக்குத் திரும்ப ஞானஸ்நானம் குடுப்பீங்களா?" ஆமான்னாங்க அந்தம்மா, சிரிச்ச முகமா, அதிகாரமுள்ள ஆசாரியத்துவம் எங்ககிட்டதான் திரும்ப வந்திருக்குன்னு. நான் பதிலுக்கு, உங்க ஞானஸ்நானத்த 2000ல மெதடிஸ்ட்காரங்களும் 2001ல வத்திக்கானும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களேன்னு சொன்னேன், அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அத்தை ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுட்டு, "எனக்கு நாசரேத்ல ஐயர் தெளிச்ச தண்ணியே போதும்மா, ஆனா சின்னப் பிள்ளைங்களப் பத்தி நீங்க சொன்னது ஆண்டவருக்கு ஏத்த வார்த்தை, அதை மட்டும் எடுத்துக்கறேன்"னு தமிழ்லயே சொல்லி அந்தம்மா கையப் புடிச்சிக்கிட்டாங்க. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ரெண்டு ஊர்ல ஒண்ணுக்குத்தான் போக முடியும்னா கர்ட்லண்டுக்குப் போங்க. குளிர்காலத்துல வேணாம், ஏரிப் பனி அந்தப் பக்கம் கொட்டித் தீத்துரும்.