வால்சிங்ஹாம் மாதாவுக்கு அம்மா வைத்த நேர்த்தி

எங்கள் மகன் 27 வாரத்தில் பிறந்தபோது எடை 940 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தவனைத் தொடக்கூட எனக்குப் பயம். அந்த நாள்களில்தான் மன்னாரில் இருக்கும் அம்மா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேர்த்தி வைத்துவிட்டார். பிள்ளை தப்பினால் நான் இங்கிலாந்தில் இருக்கும் வால்சிங்ஹாம் மாதாவிடம் வெறுங்காலோடு நடந்து போக வேண்டுமாம். "எங்கள் ஊர் மடு மாதாவுக்கு வைத்திருக்கலாமே அம்மா" என்றேன். "பிள்ளை பிறந்தது அந்த நாட்டில். அந்த நாட்டு மாதாவிடந்தானே கேட்க வேணும்" என்றார்.

மகனுக்கு இப்போது நான்கு வயது. கடன் அத்தனை நாள் நின்றுவிட்டது. போன ஜூலையில், தமிழர் திருயாத்திரை நாளில்தான் தீர்த்தோம்.

லண்டனிலிருந்து வால்சிங்ஹாம் இருக்கும் நோர்போக் மூன்றரை மணி நேரம். கடைசியில் வயல்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதை. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னுக்கு எடுத்தே ஆக வேண்டும். கார் நிறுத்த வழிகாட்டிய தம்பி எங்களை மூன்று தடவை இடம் மாற்றினார். கழிவறை வரிசை பூசைக் கூட்டத்தோடு போட்டி போட்டது. ஒரு அண்ணா செபமாலை சொல்லிக்கொண்டே றோல்ஸ் விற்றார். குறை சொல்லக் கூடாது, நானும் நான்கு வாங்கினேன்.

ஸ்லிப்பர் சேப்பல் சின்னக் கோயில், 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அந்தக் கால ஆங்கிலேயர் இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, மிச்சமுள்ள ஒரு மைலை வெறுங்காலோடு நடந்து திருவீட்டுக்குப் போவார்களாம். மாதா காட்சி கொடுத்துச் சொன்னபடி, நாசரேத்து வீட்டைப் போலவே 1061இல் ரிச்செல்டிஸ் சீமாட்டி கட்டிய வீடு அது.

உள்ளே மாதா நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தலையில் கிரீடம், கையில் லீலிப் பூ, மடியில் பாலன். தம்பியின் விசா, இவருடைய வேலை என்று ஒரு பட்டியலே மனதில் வைத்திருந்தேன். முன்னால் போய் நின்றதும் ஒன்றும் வரவில்லை. மடியில் இருந்த பிள்ளையை அவர் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் மகனை முதன்முதலாக என் நெஞ்சில் வைத்தபோது தாதி என் கையை எடுத்து இப்படித்தான் வைத்துவிட்டார். பின்னால் யாரோ செல்பி எடுக்க என்னை இடித்தார்கள். கோபம்கூட வரவில்லை.

பக்கத்து அறையில் மெழுகுதிரி ஏற்றினேன். மகன் அதைப் பிறந்தநாள் கேக் என்று நினைத்து ஊதி அணைத்துவிட்டான்! பதறித் திரும்பியதில் பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாவின் காலை மிதித்தேன். மன்னிப்புக் கேட்டது அவர். பிறகு தன் திரியிலிருந்து எங்கள் திரியைப் பற்ற வைத்துத் தந்தார். அவரும் என்னைப் போலச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "எங்கள் வீட்டில் மாதா பேச்சே கிடையாது, பாட்டி இருந்தால் என்னைத் திட்டியே கொன்றிருப்பார்" என்று சிரித்தார். அந்த ஒரு மைலும் சேர்ந்தே நடந்தோம்.

தார் சுட்டது, பொடிக்கல் குத்தியது. 1511இல் 8ஆம் ஹென்றி அரசனும் வால்சிங்ஹாமுக்கு வெறுங்காலோடு வந்ததாகச் சொல்வார்கள். அவனுக்கு மகன் பிறந்திருந்தான், நன்றி சொல்ல வந்தான். அந்தக் குழந்தை 52 நாள்தான் இருந்தது. 52ஆம் நாளில் எங்கள் மகன் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தான். அதற்கு மேல் அந்த அரசனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1538இல் வால்சிங்ஹாமில் இருந்த துறவியர் மடத்தை மூடவைத்து, மாதா சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்ததும் அவன் ஆட்சிதான். எங்கள் இலங்கையில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனார்கள். இங்கே தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லாமல் போய்விட்டது. இந்தச் சேப்பலும் மாட்டுக் கொட்டிலாகக் கிடந்து, 1896இல் சார்லட் பாய்ட் என்ற பெண் வாங்கிய பிறகுதான் திரும்பவும் கோயிலானது.

ஊருக்குள் மடம் இருந்த இடத்தில் உயரமான ஒரு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் வழியே வானம் தெரிகிறது. அந்தப் புல்லில் உட்கார்ந்து, மாதாவே, உமக்கு நன்றி, நன்றி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் றோல்ஸ் தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்து வளைவைக் காட்டினேன், பேரனைக் காட்டினேன். அவர் எதையும் கவனிக்கவில்லை.

"எங்க பிள்ளை, காலைக் காட்டு."

தூக்கிக் காட்டினேன். கொப்புளம் இரண்டு, ஒட்டிய தார் கொஞ்சம். போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து நல்லாகப் பார்த்தார்.

"ம். மற்றக் கால்?"